மகளுக்கு எஞ்சினியரிங்: பேராதனையா, கிளிநொச்சியா, ஒலுவிலா?

வாவிக்கரை வாத்தியார் (களுவாஞ்சிகுடி)

எல்லோருக்கும் வணக்கம். மகள் இந்த முறை உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு எழுதினாள். பெறுபேறு நன்றாகவே வந்திருக்கிறது. சென்ற வருடம் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளிகளை (இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளிகளை) வைத்துப் பார்த்தால் கிளிநொச்சியும் (யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம்) ஒலுவிலும் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) கட்டாயம் கிடைக்கும் போல் தெரிகிறது. பேராதனை மதில்மேல் பூனை. மொரட்டுவை எட்டாது.

வீட்டில் நாலு பேர் நாலு கதை சொல்கிறார்கள். மனைவிக்கு ஒலுவில்தான் வேண்டும். கல்முனை தாண்டினால் வந்துவிடும், வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளை வீட்டுச் சோறு தின்னலாம் என்கிறாள். கொழும்பில் இருக்கும் மச்சான், அரச கம்பஸில் ஸ்ட்ரைக், பகிடிவதை என்று வருடம் போகும், தனியாரில் சேருங்கள், காசில் பாதி நான் போடுகிறேன் என்கிறார். என்னோடு படிப்பிக்கும் ஒருவர் இன்னொரு பயம் காட்டுகிறார்: பேராதனையை முதலாவதாகப் போட்டு அது கிடைக்காமல் போனால் ஒலுவிலும் கைவிட்டுப் போய்விடுமாம், ஆகவே உறுதியானதை முதலில் போட வேண்டுமாம்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். இந்தக் கணக்கெல்லாம் எனக்குச் சரிவராது. விவரம் தெரிந்த பிள்ளைகள் சொல்லுங்கள்.


ஈபெக் பொடியன் (பாண்டிருப்பு, இப்போது பேராதனை)

சேர், கடைசியில் சொன்ன பயத்தை முதலில் தூக்கி எறியுங்கள். எங்கள் பக்கத்தில் வருடா வருடம் இந்தக் கதையை நம்பி நாலைந்து பிள்ளைகளாவது பட்டியலைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலாவதற்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவது, அதற்கும் போதாவிட்டால் மூன்றாவது. ஒலுவிலை நாலாவதாகப் போட்ட பிள்ளையும் முதலாவதாகப் போட்ட பிள்ளையும் ஒரே இடத்துக்கு வந்து நின்றால், பார்ப்பது இசட் புள்ளியை (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளியை) மட்டும்தான். யார் எத்தனையாவதாகப் போட்டார் என்று பார்ப்பதில்லை. ஆகவே மேலே பெரியதைப் போட்டதால் கீழே இருப்பது பறிபோகாது. மாறாக ஒலுவிலை மேலே போட்டுவிட்டால், பேராதனைக்குப் புள்ளி காணுமாக இருந்தாலும் ஒலுவில்தான் வரும். அதற்குப் பிறகு அழுது பயனில்லை. மொரட்டுவை எட்டாது என்கிறீர்கள், இருந்தாலும் விருப்பம் என்றால் அதையும் போடுங்கள். போடுவதால் நட்டம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. எஞ்சினியரிங்குக்கு இடங்களில் 40 வீதம் முழுத் தீவுக்கும் பொதுவான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16 இல் இருக்கின்றன. சென்ற வருட வெட்டுப்புள்ளி ஒரு மட்டக்கோல், அவ்வளவுதான். வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். மதில்மேல் பூனை எந்தப் பக்கமும் குதிக்கலாம் என்பதால்தான் ஆசைப்பட்ட வரிசையிலேயே போடச் சொல்கிறேன்.

பேராதனையைப் பற்றி: முதல் வருடம் எல்லோருக்கும் பொது. கணிதம், வரைபு, பொருட்கள், புரோகிராமிங் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு புள்ளியையும் விருப்பத்தையும் வைத்துத்தான் சிவில், மின், மெக்கானிக்கல், கொம்பியூட்டர், கெமிக்கல், உற்பத்தி என்று பிரிப்பார்கள். கொம்பியூட்டருக்குப் போட்டி கூட. "கம்பஸ் கிடைத்தது, இனிக் கொஞ்சம் காற்று வாங்குவோம்" என்று முதல் வருடத்தில் இருந்தவர்கள் பிறகு கிடைத்த துறையில் மிச்ச மூன்று வருடத்தையும் ஓட்டுகிறார்கள். எந்தக் கம்பஸ் என்று இவ்வளவு மண்டையை உடைக்கும் வீடுகள் எந்தத் துறை என்று பேசுவதே இல்லை. மகளுக்கு என்ன துறை விருப்பம் சேர்?


கட்டுபெத்தைக்காரன்

நான் மொரட்டுவையில் (கட்டுபெத்தையில்) படித்தவன், நேரடியாகச் சொல்கிறேன். மொரட்டுவை கிடைக்காவிட்டால் திரும்ப எழுதட்டும். கொழும்பு சொப்ட்வெயார் கம்பனிகள் எங்கள் வாசலுக்கு வந்து ஆள் எடுக்கின்றன. மற்றக் கம்பஸ்களில் இருந்து வருபவர்கள் சிவியை மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதுதான் நிஜம்.


பாலைவன மேஸ்திரி (அக்கரைப்பற்று, இப்போது தோஹா)

தம்பி கட்டுபெத்தை, உங்கள் நிஜத்தில் பாதி நிஜம் இருக்கிறது. கொம்பியூட்டர், இலத்திரனியல் பக்கம் முதல் வேலை எடுப்பதற்கு மொரட்டுவைப் பெயரும் கொழும்புக்குக் கிட்ட இருப்பதும் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "திரும்ப எழுதட்டும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு வருடம் என்பது பிள்ளையின் ஒரு வருடம். பல்கலைக்கழகத் தெரிவுக்கு உயர்தரத்தில் மூன்று தடவைதான் செல்லும். இந்த முறைத் தெரிவில் கிடைத்ததற்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு அடுத்த பெறுபேற்றில் வேறு இடத்துக்குத் தாவவும் விடமாட்டார்கள். இப்போதைய இடத்தை முழுதாகக் கைவிட்டுத்தான் திரும்ப எழுத வேண்டும். கையில் எஞ்சினியரிங் இருக்கும்போது அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

வாத்தியார் ஐயா, வெளிநாட்டில் நின்று பார்த்தால் விசயம் வேறு மாதிரித் தெரியும். இங்கே என்னோடு வேலை செய்யும் இந்தியனுக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கும் பேராதனை, மொரட்டுவை, ஒலுவில் எல்லாம் ஒன்றுதான். இலங்கை என்று மட்டும் தெரியும். அவர்கள் கேட்கும் கேள்வி: பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அந்த நிறுவனம் அங்கீகரித்த பட்டத்தை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தங்கள் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். சவூதியில் பொறியியலாளர் சபையில் பதியாமல் எஞ்சினியர் என்ற பதவிப் பெயரில் வேலையே செய்ய முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம்: அங்கீகாரம் கம்பஸுக்குக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு பட்டப் பாடநெறிக்கும் தனித்தனியாக, குறித்த காலத்துக்குக் கொடுப்பது. ஒரே பீடத்தில் ஒரு துறைக்கு இருந்து, புதிதாகத் தொடங்கிய இன்னொரு துறைக்கு இன்னும் வராமல் இருக்கலாம். நிறுவனத்தின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. மச்சான் சொல்லும் தனியார் இடத்தையும் அதே பட்டியலில் தேடுங்கள். "வெளிநாட்டுப் பட்டம்" என்று விளம்பரம் இருந்தால், அந்த வெளிநாட்டுக் கம்பஸில் படிப்பவருக்கு இருக்கும் அங்கீகாரம் கொழும்பில் இருந்து அதே பட்டம் படிப்பவருக்கும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது செல்லாது.


நிந்தவூர் ராத்தா

ஒலுவில் பெயர் வந்ததால் நானும் வந்தேன். நான் ஒலுவிலில் சிவில் முடித்தவள்.

முதலில் வாத்தியார் சேரின் மனைவிக்கு: வெள்ளிக்கிழமைச் சோறு உண்மைதான். களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பஸ் வந்துவிடும். ஆனால் எஞ்சினியரிங் பிள்ளை எல்லா வெள்ளியும் வீட்டுக்கு வருவாள் என்று எண்ண வேண்டாம். லப் அறிக்கை, அசைன்மென்ட், குறூப் வேலை என்று சனி ஞாயிறும் போய்விடும். நிந்தவூரில் வீடு இருந்தும் நான் பரீட்சைக் காலங்களில் விடுதியில்தான் கிடந்தேன். உம்மா சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் அனுப்பிவிடுவா.

எங்கள் பீடம் சின்னது, புதியது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் தொடங்கியது, எஞ்சினியரிங் அதற்கு வெகு காலம் கழித்து வந்தது. சின்னதாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. விரிவுரையாளருக்கு உங்கள் முகமும் பெயரும் தெரியும். விளங்கவில்லை என்றால் அறைக்குப் போய்க் கேட்கலாம். வசதிக்குறைவும் இருக்கிறது: மேலே பத்துப் பதினைந்து பட்ச் சீனியர்கள் கம்பனிகளில் உட்கார்ந்து "எங்கட கம்பஸ் பிள்ளை" என்று கூப்பிட்டு எடுக்கும் வலை இன்னும் அவ்வளவு பின்னப்படவில்லை. பேராதனைக்காரருக்கு அது எழுபது வருடத்துச் சொத்து.

சிலர் ஒலுவில் என்றால் முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் படிக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். எஞ்சினியரிங் பீடத்துக்கு நாடு முழுவதிலும் இருந்து தெரிவாகி வருகிறார்கள், என் வகுப்பில் பெரும்பாலானோர் சிங்களப் பிள்ளைகள். நான் சிங்களம் பேசப் பழகியது ஒலுவிலில்தான் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள்.

அப்புறம், சிவில் படிக்க நினைப்பவருக்கு எங்கள் வாசலிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. ஒலுவில் துறைமுகம். டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்தார்கள். அலைத்தடுப்பைக் கடலுக்குள் நீட்டியதும், கரையோரமாக நகரும் மணல் ஒரு பக்கம் தேங்கி வாயை அடைத்தது. மற்றப் பக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகாததால் கரை அரித்துத் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. எங்கள் நிந்தவூர்க் கரையும் தப்பவில்லை. புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் வரும் விசயத்தை நாங்கள் பின்னேரம் நடந்து போய்ப் பார்த்தோம்.


கிளிநொச்சி வெயில் (வாழைச்சேனை)

ராத்தா துறைமுகத்தைக் காட்டினால் நான் எதைக் காட்ட? எங்கள் பீடத்துக்கு முன்னால் ஏ9 வீதியும் வெயிலும்தான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் யாழ் நகரில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இதைத் தெரியாமல் நல்லூருக்குப் பக்கத்தில் அறை தேடியவர்களும் உண்டு. பல வருடக் கனவு அது, போரால் தள்ளித் தள்ளிப் போய்த்தான் வந்தது. கட்டடங்கள் இந்திய உதவியில் கட்டியவை, இடவசதி தாராளம். சிவில், மின்-இலத்திரன், மெக்கானிக்கல், கொம்பியூட்டர் இருக்கின்றன. இங்கேயும் பாதிக்கு மேல் தெற்கில் இருந்து வருபவர்கள், படிப்பு ஆங்கிலத்தில். தமிழ்ப் பிரதேசம் என்பதால் தமிழில் படிப்பிப்பார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எந்த எஞ்சினியரிங் பீடத்துக்குப் போனாலும் முதல் சில மாதம் ஆங்கிலம்தான் பெரிய தலையிடி. பெறுபேற்றுக்கும் கம்பஸ் தொடக்கத்துக்கும் இடையில் கிடைக்கும் காலத்தை அதற்குப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பௌதிகவியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்த பாடத்தையே திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். விசயம் தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் புதிது, கெதியில் பிடிபடும்.

பயணம் பற்றி யாரும் பேசவில்லை. மட்டக்களப்பில் இருந்து கிளிநொச்சிக்கு வருவது இரவு முழுக்க பஸ். பேராதனைக்கு பொலன்னறுவை, தம்புள்ளை வழியாகவோ மகியங்கனை வழியாகவோ போகலாம், எப்படியும் ஒரு பகல் கழியும். கொழும்பு என்றால் உதயதேவி ரயில் இருக்கிறது. தூரத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பெண் பிள்ளை இரவு பஸ்ஸில் தனியே வருவாள் என்பதை அப்பா அம்மா இப்போதே மனதில் எடுத்துக்கொண்டால் பிறகு சண்டை குறையும்.


கட்டுபெத்தைக்காரன்

அங்கீகாரம் பற்றி மேஸ்திரி அண்ணன் சொன்னது சரி. வேலை எடுக்கிற விசயத்தில் நான் சொன்னதும் சரி. இரண்டும் வேறு வேறு கேள்வி.


கல்லடி மாமி

என் மகன் ருகுணுப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். காலியில் ஹப்புகல என்ற இடத்தில் பீடம். மட்டக்களப்பில் இருந்து நாட்டின் மற்ற மூலைக்குப் போன மாதிரி. போகும்போது நான் அழுத அழுகையில் அக்கம்பக்கம் எல்லாம் வந்து நின்றது. இப்போது அவன் கடற்கரையில் நின்று படம் அனுப்புகிறான்.

நான் கேட்க வந்தது பகிடிவதை. வாத்தியாரின் மச்சான் சொன்னதை முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. 1998 இல் சட்டம் வந்தும் ஒழியவில்லை. என் மகனுக்கு முதல் மாதங்களில் தொல்லை இருந்தது, எங்கே யார் என்று எழுத விரும்பவில்லை. பெண் பிள்ளையை அனுப்புகிறவர் என்ன செய்வது?


ஈபெக் பொடியன்

மாமி, இடத்துக்கு இடம், பட்சுக்குப் பட்ச் மாறும். "இங்கே இல்லவே இல்லை" என்று எந்தக் கம்பஸ்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. கையோங்கினாலும், அறைக்குள் பூட்டினாலும், காசு கேட்டாலும் பொறுத்துப் போக வேண்டியதில்லை, அது குற்றம். மாணவ ஆலோசகர், பீடாதிபதி, மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டுப் பிரிவு என்று வழி இருக்கிறது. பிள்ளை தனியே முறையிடப் பயப்படும், வீட்டில் இருந்து அப்பா அம்மா எடுக்கும் அழைப்புக்கு வேகம் கூட. ஒவ்வொரு கம்பஸிலும் மட்டக்களப்பு, கல்முனைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போகும் முன்னமே இரண்டு பேரின் இலக்கம் கையில் இருப்பது நல்லது. பேராதனைக்கு வந்தால் குறிஞ்சிக் குமரன் கோயிலடியில் வெள்ளிக்கிழமை பாதி மட்டக்களப்பைக் காணலாம்.


சும்மா பார்வையாளன்

இடையில் ஒரு கேள்வி. தம்பி தொழில்நுட்பப் பிரிவு. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலும் தொழில்நுட்ப பீடம் இருக்கிறதே, அதுவும் எஞ்சினியரிங்தானே?


பாலைவன மேஸ்திரி

இல்லை தம்பி. அது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். வேலைக்கு நல்ல படிப்புத்தான், ஆனால் பட்டயப் பொறியியலாளர் (சார்ட்டர்ட் எஞ்சினியர்) ஆகும் பாதை அதில் நேரடியாக இல்லை. வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் கிடையாது, கிழக்கு மாகாணத்தில் அது ஒலுவிலில் மட்டும்தான். இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே போட்டால் வாத்தியாரின் விசயம் அடிபட்டுப் போகும்.


வாய்க்கால் எஞ்சினியர் (அம்பாறை, ஓய்வு)

மாஸ்டர், நான் பழைய ஆள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் பேராதனையும் கட்டுபெத்தையும்தான். பேராதனையில் நாங்கள் படித்தபோது பேராசிரியர் துரைராஜா இருந்தார். மண் பொறியியலில் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து அவர் 1963 இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராகவும் போனார். அப்படி ஒருவர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்தோம் என்பது வேறு சுகம். ஆனால் இன்று அந்தக் கரும்பலகையில் எழுதுகிறவர் யார் என்று பாருங்கள், பழைய பெயரை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லாக் கம்பஸில் இருந்தும் விரிவுரையாளர்கள் வெளிநாடு போயிருக்கிறார்கள். பீடத்தின் இணையத்தளத்தில் துறைவாரியாக ஆட்களின் பட்டியல் இருக்கும். யார் கலாநிதிப் பட்டம் முடித்திருக்கிறார், யார் விடுமுறையில் இருக்கிறார் என்று அதிலே ஓரளவு தெரியும். அரை மணித்தியால வேலை, ஒருவரும் செய்வதில்லை.

துறை பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை படித்துவிட்டு ஊரில் வேலை செய்ய வேண்டும் என்பது உங்கள் வீட்டு ஆசையாக இருந்தால், அதற்கு ஏற்றது சிவில். இந்த இரண்டு மாவட்டமும் தண்ணீரில் எழும்பியவை. கல்லோயாத் திட்டத்துக்காக 1949 இல் தொடங்கிய இங்கினியாகலை அணையை மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி கட்டியது. அந்தச் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில்தான் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் இன்றும் விளைகின்றன. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளங்கள் இருக்கும்வரை நீர்ப்பாசனத்துக்கு ஆள் வேண்டும். வீதி, நீர்வழங்கல், மாகாண சபை என்று வேறு கதவுகளும் உண்டு. கொம்பியூட்டர் என்றால் கொழும்பு அல்லது வெளிநாடு. வீட்டில் இருந்தபடி ஒன்லைனில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தொடக்கத்தில் நாலு பேரோடு உட்கார்ந்துதான் பழக வேண்டும். ஒலுவிலுக்கு அனுப்பினால் பிள்ளை ஊரோடு இருக்கும் என்று நினைத்தால் கணக்குப் பிழைக்கும். படிக்கும் இடத்தைப் பார்த்து வேலை ஊருக்கு வராது. தொழிற்பயிற்சிக்கே பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டி வரும்.


நிந்தவூர் ராத்தா

வாய்க்கால் சேர் சொன்னது சரி. என் பயிற்சி கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில். அங்கே மொரட்டுவை, பேராதனை, நாங்கள் எல்லோரும் ஒரே தகரக் கொட்டிலுக்குள். முதல் வாரத்தில் யார் எந்தக் கம்பஸ் என்று கேட்டார்கள். பிறகு யாருக்குக் கம்பிக் கணக்குத் தெரியும் என்றுதான் தேடினார்கள்.

ஒன்று கேட்கிறேன் வாத்தியார் சேர். இவ்வளவு பேர் எழுதிவிட்டோம். மகள் என்ன சொல்கிறா?


வாவிக்கரை வாத்தியார்

கேட்டேன். "தாங்க, நானே எழுதுறன்" என்று போனை வாங்கிவிட்டாள். கீழே அவள் எழுதியது:

வணக்கம். எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு விருப்பம் கொம்பியூட்டர். எஞ்சினியர் என்ற பெயர் மேல் பெரிய ஆசை இல்லை, அப்பாவுக்குத்தான் ஆசை. அதனால் எனக்கு இருக்கும் கேள்வி வேறு. பேராதனைக்குப் போனாலும் முதல் வருடத்துக்குப் பிறகு கொம்பியூட்டர் கிடைக்கும் என்று உறுதி இல்லை. அப்படி என்றால் பட்டியலில் எஞ்சினியரிங் எல்லாவற்றையும் வரிசையாகப் போடாமல், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாடநெறி, மொரட்டுவை தகவல் தொழில்நுட்பம், களனி மென்பொருள் பொறியியல் போன்றவற்றை இடையிடையே போடலாமா? அப்பாவின் நண்பர்கள் எஞ்சினியரிங் கிடைக்கிற பிள்ளை அதையெல்லாம் போடுவதா என்று கேட்கிறார்கள். மாமா சொன்ன தனியார் எனக்கு வேண்டாம். அவருடைய காசில் படித்தால் நாலு வருடமும் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.


ஈபெக் பொடியன்

தங்கச்சி, இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான்.

போடலாம், தாராளமாகப் போடலாம். பட்டியல் உங்களுடையது, பாடநெறிகளைக் கலந்து போடுவதற்குத் தடை இல்லை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் உயர்தரப் பாடங்கள் பொருந்துகின்றனவா என்று மட்டும் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள். கணிதப் பிரிவுக்கு நீங்கள் சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நேர்மையாக உங்களையே கேளுங்கள்: பேராதனைக்குப் போய்க் கொம்பியூட்டர் கிடைக்காமல் மின் துறை கிடைத்தால் சந்தோசமாகப் படிப்பீர்களா? ஓம் என்றால் பேராதனை மேலே இருக்கட்டும். மின் துறையில் இருந்து சொப்ட்வெயாருக்குப் போனவர்கள் எங்கள் சீனியர்களில் நிறைய. சிவில் கிடைத்தால்? மெக்கானிக்கல் கிடைத்தால்? அதற்கும் ஓம் என்றால் பிரச்சினை இல்லை. முகம் சுருங்கினால், கணினியை மட்டும் படிப்பிக்கும் இடம் மேலே வர வேண்டும்.

எஞ்சினியரிங்கில் கொம்பியூட்டர் படித்தால் சேர்க்கிட், சைகை (சிக்னல்), கட்டுப்பாட்டுத் தொகுதி, கணிதம் எல்லாம் கூடவே வரும். இலத்திரனியலும் கொம்பியூட்டரும் சந்திக்கும் இடம் பிடிக்கும் என்றால் அது பெரிய பலம். போன் அப் (செயலி) செய்வதும் மென்பொருள் எழுதுவதும் மட்டும்தான் ஆசை என்றால் பாதி பாடங்கள் சுமையாக இருக்கும்.


கட்டுபெத்தைக்காரன்

தங்கச்சி, நான் இலத்திரனியல் படித்தவன். இப்போது வேலை செய்யும் இடத்தில் என் குழுவில் கொழும்பு, களனி, யாழ்ப்பாணம் எல்லா இடத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் வேலைக்குக் கம்பஸ் பெயர் கதவைத் திறக்கும் என்று நான் சொன்னதை மாற்றவில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் நாங்கள் கேட்பது நீங்கள் செய்து காட்டிய வேலையை. படிக்கும் காலத்திலேயே சின்னதாக ஏதாவது கட்டி, எல்லோரும் பார்க்கும்படி போட்டு வையுங்கள். ஒலுவிலில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் அப்படி வந்தவர்களை எடுத்திருக்கிறோம்.


பாலைவன மேஸ்திரி

கட்டுபெத்தை இறங்கி வந்துவிட்டார், மழை வரும்.

மகளே, ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். தகவல் தொழில்நுட்பப் பட்டம் எடுத்தால் பொறியியலாளர் பட்டயம், அரச பொறியியல் சேவை இரண்டும் உங்களுக்கு இல்லை. சொப்ட்வெயார் உலகத்தில் அது யாருக்கும் தேவைப்படாது. அப்பாவுக்கு அது கவலையாக இருந்தால் இப்போதே பேசி முடியுங்கள்.


கல்லடி மாமி

செலவும் சொல்லிவிடுகிறேன். அரச கம்பஸ் என்றால் படிப்புக் கட்டணம் இல்லை என்றுதான் பேச்சு, ஆனால் போடிங், சாப்பாடு, பஸ், லப்டொப் எல்லாம் சேர்ந்தால் மாசம் ஒரு தொகை வரும். மகாபொல என்ற அரச புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அது சாப்பாட்டுக்கே காணாது, ஆனாலும் பிள்ளையின் கையில் சொந்தக் காசு என்று இருக்கும். விண்ணப்பத்தில் வருமான விவரத்தைச் சரியாக நிரப்புங்கள். கொழும்புப் பக்கம் கிடைத்தால் போடிங் வாடகை பேராதனையை விடக் கூட. விடுதி எத்தனை வருடத்துக்குத் தருவார்கள் என்பதை ஒவ்வொரு இடத்திலும் கேட்டு வையுங்கள்.


வாவிக்கரை வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மேசையில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் போட்டோம். மொரட்டுவை எஞ்சினியரிங், பேராதனை எஞ்சினியரிங், கொழும்பு கணினி, மொரட்டுவை தகவல் தொழில்நுட்பம், கிளிநொச்சி எஞ்சினியரிங், களனி மென்பொருள், ஒலுவில் எஞ்சினியரிங், அதற்குக் கீழே ருகுணுவும் ஜயவர்தனபுரவும். பேராதனையில் மின் துறை கிடைத்தாலும் படிப்பேன் என்று மகள் சொன்னாள், சிவில் என்றதற்கு யோசித்துவிட்டு "அதுவும் சரி" என்றாள். அந்த யோசனையைப் பார்த்து மூன்றாவதையும் நாலாவதையும் நானே கிளிநொச்சிக்கு மேலே ஏற்றச் சொன்னேன். மனைவிக்கு ஒலுவில் ஏழாவது ஆனதில் கோபம். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.

நாவலத் திறந்த பல்கலைக்கழகத்தின் எஞ்சினியரிங்கை எங்கே போடுவது?


ஈபெக் பொடியன்

அது இந்தப் பட்டியலில் வராது சேர். திறந்த பல்கலைக்கழகம் தனியாக விளம்பரம் போட்டு விண்ணப்பம் கோரும், இசட் புள்ளி பார்ப்பதில்லை. மட்டக்களப்பில் அவர்களின் பிராந்திய நிலையம் இருக்கிறது, விவரத்தை அங்கே போய்க் கேட்கலாம். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு நல்லது. இந்தப் பட்டியல் இருக்கும்போது உங்களுக்குத் தேவைப்படாது. ருகுணுவுக்கும் ஜயவர்தனபுரவுக்கும் இடையில் எது முதலில் என்பதையும் மகளிடமே விட்டுவிடுங்கள், ஜயவர்தனபுரவின் எஞ்சினியரிங் பீடம் இரத்மலானையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.


நிந்தவூர் ராத்தா

ஏழாவதாகப் போட்டதற்கு நானும் கோபப்பட வேண்டும்தான், சரி, பரவாயில்லை. என்னிடம் முதல் வருடக் கணிதக் குறிப்பும் வரைபுப் பலகையும் கிடக்கின்றன. எந்தக் கம்பஸ் கிடைத்தாலும் முதல் வருடம் அவை உதவும். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் மனைவியையும். சோறு இங்கே சாப்பிடலாம்.


வாவிக்கரை வாத்தியார்

ஞாயிறு வருகிறோம் தங்கச்சி. மகள் வரைபுப் பலகை எவ்வளவு பெரியது என்று கேட்கிறாள், மோட்டார் சைக்கிளில் கொண்டுவர முடியுமா?


நிந்தவூர் ராத்தா

முடியாது சேர். பஸ்ஸில் வாருங்கள்.